தொண்டைப் புற்றுநோய்: கதிர்வீச்சு பிளானை நடுவில் எப்போது மாற்ற வேண்டும்?

தொண்டைப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை இல்லாமல் கதிர்வீச்சை மட்டுமோ, கூடவே கீமோவோ கொடுத்துக் குணப்படுத்தப் பார்க்கும்போது வழக்கமான மொத்த அளவு 70 கிரே (கிரே என்பது உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). நாளுக்கு 2 கிரே, வாரத்துக்கு 5 நாள், ஆக 35 சிட்டிங், 7 வாரம். இந்த 35 சிட்டிங்கும் ஒரே ஒரு நாள் எடுத்த சிடி ஸ்கேனை நம்பித்தான் நடக்கின்றன. சிகிச்சை தொடங்குமுன் நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகம், கழுத்து, தோள் மீது படியவைத்து மாஸ்க் செய்கிறார்கள். மாஸ்க் மாட்டிய நிலையிலேயே ஸ்கேன் எடுத்து, எந்தத் திசையிலிருந்து எவ்வளவு கதிர் வர வேண்டும் என்று கணினியில் கணக்கிடுகிறார்கள். இதைத்தான் பிளான் என்கிறோம்.

ஐந்தாவது வாரத்தில் அதே மாஸ்க்குக்குள் வரும் உடம்பு பழையபடி இருக்காது. கழுத்தில் புடைத்திருந்த நெறிக்கட்டி வற்றியிருக்கும். வாய்ப்புண்ணால் சாப்பிட முடியாமல் எடை குறைந்திருக்கும். மாஸ்க்குக்கும் தோலுக்கும் இடையே விரல் நுழையும். பழைய பிளானையே தொடரலாமா, புதிதாக ஸ்கேன் எடுத்து ரீபிளான் செய்ய வேண்டுமா என்ற கேள்வி அப்போதுதான் வருகிறது.

உடம்பு மாறிவிட்டது என்பதற்காக மட்டும் பிளானை மாற்ற வேண்டியதில்லை. இந்த மாற்றத்தால் ஒரு சிட்டிங்குக்கு எத்தனை கிரே வேண்டாத இடத்துக்குக் கூடுகிறது அல்லது வேண்டிய இடத்தில் குறைகிறது, இன்னும் எத்தனை சிட்டிங் பாக்கி என்ற இரண்டையும் பெருக்கிப் பார்க்க வேண்டும். அந்த எண் பெரிதாக இருந்தால் ரீபிளான். சிறிதாக இருந்தால், எவ்வளவு மெலிந்திருந்தாலும் பழைய பிளானே போதும்.

என்னதான் மாறுகிறது

2004-இல் அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனையிலிருந்து வந்த ஓர் ஆய்வை இந்தத் துறையில் எல்லோரும் சுட்டுவார்கள். 14 நோயாளிகளுக்குச் சிகிச்சைக் காலம் முழுக்க வாரம் மூன்று முறை சிடி எடுத்துப் பார்த்தார்கள். கட்டியின் கனஅளவு, தொடக்க அளவில் நாளுக்குச் சராசரியாக 1.8 சதவீதம் வீதம் சுருங்கியது. காதுக்குக் கீழே இருக்கும் பெரிய உமிழ்நீர்ச் சுரப்பியான பரோடிட்டும் சுருங்கியது. அதோடு, அது கழுத்தின் நடுப்பக்கமாக ஏறக்குறைய 3 மி.மீ. நகர்ந்தது. எடை அதிகம் குறைந்தவர்களிடம் இந்த நகர்வும் அதிகமாக இருந்தது.

3 மி.மீ. பெரிய விஷயமா? இங்கே பெரிய விஷயம்தான். ஐஎம்ஆர்டி, விமேட் போன்ற நவீன முறைகளில் முழு டோஸ் பாயும் பகுதியின் விளிம்பிலிருந்து சில மி.மீ. தாண்டினாலே டோஸ் சடாரென்று இறங்கிவிடும். பரோடிட் அந்தச் சரிவில்தான் உட்கார்ந்திருக்கிறது. அது உள்பக்கமாக நகர்ந்தால் சரிவில் மேலேறுகிறது என்று அர்த்தம். இரண்டு பரோடிட்டிலும் சராசரி டோஸ் 25–26 கிரேக்குள் அடங்கினால் உமிழ்நீர் காலப்போக்கில் ஓரளவு திரும்பும். அதைத் தாண்டத் தாண்ட நிரந்தர வாய் வறட்சிக்கான வாய்ப்பு ஏறும்.

கட்டிக்கே டோஸ் குறைந்துவிடுமோ என்றுதான் முதலில் எல்லோரும் பயப்படுவார்கள். மெலிவினால் மட்டும் அப்படி நடப்பது அரிது. கதிர் கடக்க வேண்டிய சதை குறைவதால் உள்ளே போகும் டோஸ் கூடத்தான் செய்யும்: 6 எம்வி ஆற்றலுள்ள கதிரில் 1 செ.மீ. சதை குறைந்தால் அந்தத் திசையிலிருந்து வருவது ஆழத்தில் 3–4 சதவீதம் கூடும். கட்டிக்கு டோஸ் குறைவது பெரும்பாலும் தளர்ந்த மாஸ்க்குக்குள் தாடை தூக்கிக்கொள்வதாலும், தலை திரும்புவதாலும், தோள் மேலேறுவதாலும்தான். அதாவது, கிடக்கும் நிலை மாறுவதால்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

ஒரு நோயாளியின் பிளானில் இடது பரோடிட்டின் சராசரி டோஸ் 24.5 கிரே என்று வைத்துக்கொள்வோம். 35-ஆல் வகுத்தால் சிட்டிங்குக்கு 0.70 கிரே. 15 சிட்டிங் முடிந்ததும் புது ஸ்கேன் எடுத்து, பழைய பிளானையே அதன்மேல் ஓட்டிப் பார்த்தால் சிட்டிங்குக்கு 0.95 கிரே வருகிறது.

இதுவரை போனது 15 × 0.70 = 10.5. அப்படியே விட்டால் மீதி 20 × 0.95 = 19. மொத்தம் 29.5 கிரே, எல்லைக்கு வெளியே. ரீபிளான் செய்தால்? புது பிளான் தயாராக 4 வேலைநாள் ஆகிறது. அந்த 4 நாளும் பழைய பிளானே ஓடும்: 4 × 0.95 = 3.8. பிறகு 16 சிட்டிங், புது பிளானில் 0.72 வீதம், 11.5. மொத்தம் 25.8. எல்லைக்குள் வந்துவிட்டது. இங்கே ரீபிளான் செய்வதில் அர்த்தம் இருக்கிறது.

இதே மாற்றம் 28-ஆவது சிட்டிங்குக்குப் பிறகு கண்ணில் பட்டால்? பாக்கி 7. அதில் 4 நாள் தயாரிப்புக்கே போய்விடும். மிச்சம் 3 நாளில் மிச்சப்படுவது 3 × 0.23, அதாவது 0.7 கிரே. அதற்காகச் சோர்ந்துபோன ஒருவரை மறுபடி ஸ்கேன் மேசையில் ஏற்றுவதில் பிரயோஜனமில்லை.

(இந்தக் கணக்கில் ஒரு பொய் ஒளிந்திருக்கிறது. உடம்பு 15-ஆம் நாள் திடீரென்று மாறவில்லை, மெல்ல மெல்ல மாறியது. ஆகவே முதல் 15 சிட்டிங்கில் உண்மையில் போனது 10.5-ஐவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும். முடிவெடுக்க இந்தத் துல்லியம் போதும்.)

தண்டுவடத்துக்கும் இதே கணக்குதான், ஆனால் அளவுகோல் வேறு. பரோடிட்டுக்குச் சராசரி டோஸ். தண்டுவடத்துக்கு அதிகபட்ச டோஸ். பெரும்பாலான மையங்கள் 45 கிரேயைப் பிளான் எல்லையாக வைத்துக்கொள்கின்றன. 50 கிரேயில் தண்டுவடம் பாதிக்கப்படும் வாய்ப்பு 0.2 சதவீதம் அளவில் இருக்கும். 60-இல் அது 6 சதவீதத்தை எட்டும். சிட்டிங்குக்கு 1.15-ஆக இருந்தது 15-க்குப் பிறகு 1.45 ஆனால் மொத்தம் 17.25 + 29 = 46.25. எல்லையை மீறிய எண்தான், ஆனால் இரவோடு இரவாக இயந்திரத்தை நிறுத்த வேண்டிய எண் இல்லை. அதிகபட்சப் புள்ளி இரண்டு ஸ்கேனிலும் ஒரே இடத்தில் இருக்காது என்பதால், இப்படிக் கூட்டும்போது உண்மையைவிடக் கொஞ்சம் மிகையாகவே வரும். ஆற அமர ரீபிளான் செய்யலாம். அதே எண் 54-ஐ நெருங்கினால் பழைய பிளானை அன்றே நிறுத்துவதுதான் சரி.

தினமும் எதைப் பார்க்கிறார்கள்

எல்லோருக்கும் வாராவாரம் புது ஸ்கேன் எடுக்க முடியாது. அதனால் சிகிச்சை இயந்திரத்திலேயே எடுக்கும் கோன் பீம் சிடி, சுருக்கமாகச் சிபிசிடி, காவல்காரன் வேலையைச் செய்கிறது. சில மையங்களில் தினமும், சிலவற்றில் முதல் சில நாளும் பிறகு வாரம் ஒருமுறையும் எடுப்பார்கள்.

டெக்னாலஜிஸ்ட் அந்தப் படத்தை முதல் நாள் ஸ்கேன் மேல் பொருத்திப் பார்ப்பார். கழுத்தெலும்புகளை வைத்துத்தான் பொருத்துவார். சதை மாறும், எலும்பு மாறாது. மேல் கழுத்து எலும்புகள் அச்சுப்போல் பொருந்துகின்றன, கீழ்க்கழுத்து மட்டும் 5 மி.மீ. முன்னே நிற்கிறது என்றால் கழுத்து வளைந்து கிடக்கிறது. மேசையை எவ்வளவு நகர்த்தினாலும் இது சரியாகாது, ஏனென்றால் மேசை முழு உடம்பையும் ஒன்றாகத்தான் நகர்த்தும். மாஸ்க்கைக் கழற்றி, தோளைக் கீழே இறக்கி, மறுபடி படுக்கவைக்க வேண்டும். ஒருநாள் இப்படி ஆனால் பரவாயில்லை. இரண்டு மூன்று நாள் தொடர்ந்தால் மாஸ்க்கில் கோளாறு.

அடுத்து, பிளானில் வரைந்த உடம்பின் வெளிக்கோட்டை இன்றைய படத்தின் மேல் போட்டுப் பார்ப்பார். கோட்டுக்கும் தோலுக்கும் நடுவே கறுப்புப் பட்டையாகக் காற்று தெரியும். அது கன்னத்திலோ கழுத்திலோ 1 செ.மீ. அளவுக்கு வந்தால் பல மையங்களில் மருத்துவருக்கும் இயற்பியலாளருக்கும் தகவல் போய்விடும். டோஸ் கொடுக்கத் திட்டமிட்ட பகுதியே இப்போது காற்றில் நீட்டிக்கொண்டு நிற்கிறதா என்பதையும் கூடவே கவனிப்பார்கள். அப்படி நின்றால் அந்த இடத்துத் தோல் எதிர்பார்த்ததைவிட மோசமாகப் புண்ணாகும்.

பிறகு எடை. தொடக்க எடையில் 5 சதவீதம் குறைந்தால் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். 10 சதவீதத்தைத் தொட்டால் பெரும்பாலான இடங்களில் புது ஸ்கேன் பேச்சு எழும். 60 கிலோ இருந்தவர் 54 ஆவது. ஆனால் எடையை மட்டும் நம்புவது ஏமாற்றும். தொடையிலும் வயிற்றிலும் 6 கிலோ குறைந்து கழுத்து அப்படியே இருப்பவர் உண்டு. 2 கிலோகூடக் குறையாமல், 5 செ.மீ. நெறிக்கட்டி பாதியாகக் கரைந்து, கழுத்தின் ஒரு பக்கமே உள்வாங்கியவரும் உண்டு. இரண்டாமவருக்குத்தான் ரீபிளான் அவசரம். எடை இயந்திரத்தைவிடச் சிபிசிடியை நம்புங்கள்.

உடம்பு மெலிவது மட்டும்தான் காரணம் என்றும் நினைக்க வேண்டாம். வீங்கினாலும் பிளான் கெடும். ஸ்டீராய்டு கொடுத்து முகம் உப்பினால் மாஸ்க் இறுகும். இறுகிய மாஸ்க்குக்குள் தலை கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டு கிடக்கும். எச்பிவி வைரஸ் தொடர்பான கட்டிகளில் நீர்கோத்த நெறிக்கட்டிகள் முதல் ஒன்றிரண்டு வாரம் பெரிதாகி, பிறகே சுருங்குவது உண்டு. அறுவைக்குப் பிறகு கதிர்வீச்சு பெறுபவர்களிடம் காயத்தடியில் தேங்கிய நீர் வற்றினால் கழுத்தின் வடிவமே மாறிவிடும். நடுவில் மூச்சுக்கு டிரக்கியாஸ்டமி குழாய் போட வேண்டி வந்தாலும் பழைய பிளான் அப்படியே செல்லாது. உலோகக் குழாயாக இருந்தால், ஸ்கேனுக்கும் சிகிச்சைக்கும் முன்பு பிளாஸ்டிக்குக்கு மாற்றிவிடுவார்கள்.

ஏன் மூன்றாவது, நான்காவது வாரம்

முதல் வாரத்தில் பெரிதாக எதுவும் மாறியிருக்காது. அப்போதே ரீபிளான் செய்தால் அதுவும் ஐந்தாவது வாரத்தில் பழசாகிவிடும். கடைசி இரண்டு வாரத்தில் செய்தால், மேலே பார்த்தபடி, கணக்கு கட்டுப்படியாகாது. 10-ஆவது சிட்டிங்கிலிருந்து 20-ஆவது வரை உள்ள காலம்தான் ரீபிளானுக்குப் பலன் தரும் காலம். பெரிய நெறிக்கட்டியோடு கீமோவும் சேர்த்துப் பெறுபவர்களுக்கு, குறையோ அறிகுறியோ இல்லாவிட்டாலும், 15-ஆவது சிட்டிங் வாக்கில் ஒரு ஸ்கேனை முன்கூட்டியே குறித்துவைப்பது நல்ல பழக்கம். தேவைப்பட்டபோது இடம் தேடி அலைவதால் போகும் நாட்கள் மிச்சமாகும்.

புது பிளான் வரும்வரை சிகிச்சையை நிறுத்திவைக்கலாமே என்று தோன்றும். கூடாது. தலை, கழுத்துப் புற்றுநோய்களில் சிகிச்சைக் காலம் ஒரு நாள் நீண்டால், கட்டி கட்டுப்படும் வாய்ப்பு ஏறக்குறைய 1 முதல் 1.4 சதவீதம் குறைகிறது என்பது பல ஆண்டுகளாக அறிந்த கணக்கு. உயிரோடு எஞ்சியிருக்கும் புற்றணுக்கள் நான்காவது வாரத்துக்குப் பிறகு வேகமாகப் பெருகத் தொடங்குவதுதான் காரணம். பரோடிட்டுக்கு 2 கிரே மிச்சம் பிடிக்க 4 நாள் சிகிச்சையை விட்டுக்கொடுப்பது மோசமான பேரம். தண்டுவடம் ஆபத்தில் இருந்தாலோ, மாஸ்க்கில் படுக்கவே முடியாவிட்டாலோ மட்டுமே இடைநிறுத்தம்.

ரீபிளான் செய்யும்போது எங்கே தவறுகிறது

வேலை வரிசை எளிது. புது மாஸ்க், அதே தலையணை, 2–3 மி.மீ. இடைவெளியில் சிடி. பழைய ஸ்கேனில் வரைந்த உறுப்புகளைக் கணினி புது ஸ்கேனுக்குப் பெயர்த்துத் தரும். அதை மருத்துவர் ஒவ்வொரு படமாகத் திருத்த வேண்டும். பிறகு பழைய பிளானைப் புது ஸ்கேனில் ஓட்டிப் பார்ப்பது. இந்தப் படியைத் தாண்டி நேரே புது பிளானுக்குப் போகிறவர்கள் அதிகம். ஓட்டிப் பார்த்தால் பாதிப் பேருக்குப் பழைய பிளானே போதும், புது மாஸ்க் மட்டும் மாற்றினால் சரி என்று தெரியவந்தாலும் ஆச்சரியமில்லை. தேவை என்று உறுதியானால் புதுக் கணக்கு, இயந்திரத்தில் சோதனை, பிறகு சிகிச்சை.

தவறுகள் நடப்பது பெரும்பாலும் கடைசியில்தான். புது பிளானில் பாக்கி சிட்டிங் 16 என்று போட வேண்டிய இடத்தில் 20 என்று விழுவது. இடையில் பழைய பிளானில் ஓடிய 4 நாளைக் கழிக்க மறந்ததன் விளைவு அது. பழைய பிளானைப் பதிவு மென்பொருளில் முடக்காமல் விடுவது. சிபிசிடியை ஒப்பிட வேண்டிய மூலப் படத்தைப் புது ஸ்கேனுக்கு மாற்றாமல் விடுவது. இப்படி ஆனால், எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, பழைய உடம்போடு இன்றைய உடம்பைப் பொருத்திக்கொண்டிருப்பார்கள். மாஸ்க்கை மாற்றினால் பழைய மாஸ்க்கை அன்றே அலமாரியிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பதும் இதே ரகம்.

இவை எல்லாவற்றையும்விடக் கவனம் தேவைப்படுவது, கட்டி சுருங்கிவிட்டதே என்று குறிப்பகுதியையும், அதாவது முழு டோஸ் கொடுக்கக் குறித்துவைத்த பகுதியையும், சுருக்கும் ஆசை. ஸ்கேனில் தெரியும் கட்டி ஒன்று, அதைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாமல் அணுக்கள் பரவியிருக்கக்கூடிய இடம் இன்னொன்று. 4 செ.மீ. கட்டி 2 செ.மீ. ஆனால், விட்டுப்போன அந்த வட்டத்தில் புற்றணு எதுவும் இல்லை என்று எந்த ஸ்கேனாலும் சொல்ல முடியாது. கட்டி முதலில் பரவியிருந்த திசு முழுவதற்கும் 70 கிரே போய்ச் சேர வேண்டும். குறிப்பகுதியைத் திருத்தலாம், ஆனால் அது இப்போது காற்றுக்குள்ளோ, பாதிக்கப்படாத எலும்புக்குள்ளோ, தோலுக்கு வெளியேயோ நீட்டிக்கொண்டிருக்கும் அளவுக்கு மட்டுமே. ரீபிளானில் மிச்சப்படும் டோஸ் உறுப்புகள் நகர்ந்ததைச் சரிசெய்வதால் வர வேண்டும், கட்டிக்குத் தருவதைக் கிள்ளுவதால் வரக்கூடாது.

எல்லோருக்கும் வாராவாரம் செய்தால் என்ன?

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பிரான்சில் இதையே சோதித்தார்கள். ஆர்டிக்ஸ் என்ற ஆய்வில் வாய்த்தொண்டைப் புற்றுநோய் உள்ள 132 பேரை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு வாராவாரம் ரீபிளான், மற்றதற்கு ஒரே பிளான். 2023-இல் முடிவு வெளிவந்தது: உமிழ்நீர்ச் சுரப்பில் இரு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ரீபிளான் வீண் என்று இதற்குப் பொருளில்லை. தேவையில்லாதவருக்கும் செய்தால் சராசரியில் பலன் தெரியாது என்பதே பொருள். ஆகையால்தான் யாருக்கு என்று தேர்ந்தெடுப்பது இவ்வளவு முக்கியம்.

குரல்நாணில் மட்டும் இருக்கும் ஆரம்பநிலைப் புற்றுநோய்க்கு ரீபிளான் கிட்டத்தட்ட வேண்டியதே இல்லை. கதிர் படும் பகுதி சிறியது, கழுத்து நெறிகளுக்குக் கொடுப்பதில்லை, 63 கிரே 28 சிட்டிங்கில் முடிந்துவிடும், நோயாளியும் ஓரளவு சாப்பிட்டுக்கொண்டுதான் இருப்பார். எதிர்முனையில், கழுத்தின் இருபுறமும் பெரிய நெறிக்கட்டிகள், சிஸ்பிளாட்டின் கீமோ, தொடக்கத்தில் பருத்த உடம்பு, முதல் பிளானிலேயே பரோடிட் எல்லையை ஒட்டி நிற்பது. இவை சேர்ந்தவரை முதல் நாளே பட்டியலில் குறித்துவைக்கலாம். புரோட்டான் சிகிச்சை பெறுபவர் தனி ரகம்: புரோட்டான் எந்த ஆழத்தில் நிற்கும் என்பது வழியில் உள்ள சதையின் தடிமனைப் பொறுத்தது என்பதால், சில மி.மீ. மெலிவுகூட டோஸைத் தள்ளிக்கொண்டுபோய் வேறிடத்தில் போட்டுவிடும். அவர்களுக்கு ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை சரிபார்ப்பு ஸ்கேன் வழக்கமே.

நோயாளி மேசையில் படுத்திருக்கும்போதே, அன்றைய படத்தின் மேல் புது பிளான் போட்டுத் தரும் இயந்திரங்களும் வந்துவிட்டன. சிலவற்றில் எம்ஆர்ஐ-யும் சேர்ந்தே இருக்கிறது. 4 நாள் காத்திருப்பு அவற்றில் இல்லை. பதிலாக, ஒவ்வொரு சிட்டிங்கும் அரைமணி அளவுக்கு நீளும். எச்சில் விழுங்கவே வலிக்கும் ஒருவர் மாஸ்க்குக்குள் அவ்வளவு நேரம் அசையாமல் கிடக்க வேண்டும்.

நோயாளியும் கூட இருப்பவரும் சிகிச்சைக் குழுவிடம் சொல்ல வேண்டியவை சில உண்டு. மாஸ்க்குக்குள் தலையைத் திருப்ப முடிகிறது. மாஸ்க் புதிதாக எங்கோ அழுத்துகிறது. படுத்தால் மூச்சு முட்டுகிறது. கடைசியாகச் சொன்னதை நாளைக்கு என்று தள்ளக்கூடாது, குரல்வளை வீக்கமாக இருக்கலாம். அடர்ந்த தாடியோடு மாஸ்க் செய்துவிட்டு நடுவில் மழித்தாலும் பிடி தளரும். மூக்குவழி உணவுக்குழாய் புதிதாகப் போட்டால் மாஸ்க்கில் மூக்கருகே சிறிது வெட்டி வழிவிடுவார்கள். வெட்டு பெரிதானால் வலை தளர்ந்து, புது மாஸ்க்தான் செய்ய வேண்டியிருக்கும்.